பேர் சொல்லி நடந்த ஊர்

குளத்தங்கரையில் உலகம்மாள் நடந்ததற்கு வீட்டில் கட்டிலில் கிடந்த அவள் புருசன் பிரமநாயகத்துக்கு வேர்த்தது என்று சொன்னால் அந்த ஊரில் இன்றைக்கு யாரும் வாயைப் பிளந்து கேட்கமாட்டார்கள். அதிலென்ன இருக்கிறது, ஒருத்தர் நட்டால் இன்னொருத்தர் தின்கிறதில்லையா, ஒருத்தர் பெற்றால் இன்னொருத்தர் வளர்க்கிறதில்லையா என்று சொல்லிவிட்டு அவரவர் சோலியைப் பார்க்கப் போய்விடுவார்கள். ஆனால் தொடங்கிய நாளில் அது ஒரு புருசன் பெண்டாட்டிச் சண்டையாகத்தான் தொடங்கியது, அதுவும் பெரிய சண்டை இல்லை, காப்பிக்குச் சீனி போடுவதா வேண்டாமா என்கிற அளவில் ஒரு சண்டை.

பிரமநாயகம் அரசு பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு என்றால் அவர் அதை முழுசாக எடுத்துக்கொண்டார், கட்டிலில் இருந்து நாற்காலிக்கும் நாற்காலியில் இருந்து சாப்பாட்டுக்கும் என்று அவருடைய ரூட்டு சுருங்கிப்போய், வயிறு முன்னால் வந்து, சர்க்கரை ஏறி, பாதம் மரத்து, ஒரு நாள் செருப்பு கழன்று விழுந்ததுகூடத் தெரியாமல் கடைத்தெரு வரை போய்விட்டு வந்தார். ஆஸ்பத்திரியில் டாக்டர் ஜெபராணி அவரைத் தினமும் நடக்கச் சொன்னாள்.

"நான் நடக்காத நடையா டாக்டரம்மா? திருநெல்வேலியிலேருந்து மதுரை வரைக்கும் பஸ்ஸுக்குள்ளயே நடந்து போனவன் நான். பஸ்ஸு ஓடுனது பாதி, நான் நடந்தது பாதி."

"அது அப்ப. இப்ப நடக்கலன்னா முதல்ல கால் போகும், அப்புறம் கண்ணு, அப்புறம் கிட்னி, அப்புறம் நெஞ்சு" என்று அவள் சொன்னாள். பிரமநாயகம் அதைப் பஸ் நிற்கிற ஊர்களை வரிசையாகச் சொன்னதுபோல் கேட்டுவிட்டு வந்தார். உலகம்மாள் வாங்கி வைத்த வெள்ளைக் கேன்வாஸ் ஷூவில் பல்லி முட்டையிட்டது. காலையில் எழுப்பினால் முட்டி வலிக்கு என்பார், சாயங்காலம் கேட்டால் வெயில் தாழட்டும் என்பார், வெயில் தாழ்ந்தால் நாய் கடிக்கும் என்பார். ஒரு நாள் அவள் சீனி டப்பாவை எடுத்து உயரத்தில் வைத்துக்கொண்டு, "நடந்தாத்தான் காப்பிக்குச் சீனி" என்று நின்றபோது, அவர் சிரித்துக்கொண்டே, "ஏளா, நீதான் எனக்காகப் போயேன். மஞ்சக்காமாலை வந்தப்ப நீதானே எனக்காகத் திருச்செந்தூருக்கு நடந்த, போச்சுல்லா?" என்றார்.

விளையாட்டு வினையாகும் என்பார்கள், அப்படித்தான் ஆனது. அந்தப் பக்கத்தில் நோயாளிக்காக இன்னொருத்தர் பாதயாத்திரை போவது புதிதில்லை, மகனுக்காகத் தாய் போவாள், அண்ணனுக்காகத் தங்கச்சி போவாள், முருகன் யார் கால் என்று குனிந்து பார்த்துக்கொண்டிருப்பதில்லை. கல்யாணமான புதிதில் பிரமநாயகம் கண்ணெல்லாம் மஞ்சளாகக் கீழாநெல்லிச் சாறு குடித்துக்கொண்டு வீட்டில் கிடக்க, உலகம்மாள் மாமியாரோடு கொப்புளம் வெடித்த காலோடு நடந்து போய்க் கடலில் முழுகி எழுந்தாள், இங்கே இவருக்குக் கண் வெளுத்தது. ஆகவே அவர் வேடிக்கைக்குச் சொன்னதை அவள் வேடிக்கையாக எடுக்கவில்லை, அப்படியா சரி என்று சீனி டப்பாவை இறக்கி வைத்தாள்.

மறுநாள் வாசல் தெளித்துக் கோலம் போட்டுவிட்டு, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, தபாலாபீஸ் வழியாக நடந்து, ரயில்வே கேட்டைத் தாண்டி, குளத்துக்கரை மேடு தொடங்குகிற இடத்தில் போய் நின்றாள். நேர்ச்சை என்றால் யாருக்காக என்று பேர் சொல்ல வேண்டும். திருச்செந்தூருக்குப் போனபோது மாமியார் கூடவே நின்று மகன் பேரைச் சொல்லிவிட்டாள், இப்போது சொல்ல மாமியார் இல்லை. தாலி ஏறிய நாளிலிருந்து புருசன் பேரை வாயால் சொல்லாதவள், ரேசன் கடையில் கேட்டால்கூடப் பக்கத்தில் நிற்கிறவளைச் சொல்லச் சொல்லுகிறவள், முன்னும் பின்னும் பார்த்துவிட்டுக் குனிந்து மண்ணைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, பிரமநாயகம் என்று தனக்கே கேட்காதபடி சொல்லிவிட்டு மேட்டில் கால் வைத்தாள்.

கட்டிலில் கிடந்த பிரமநாயகம் யாரோ கூப்பிட்டதுபோல முழித்துக்கொண்டார். கெண்டைக்கால் இறுகி இறுகித் தளர்ந்தது, தொடை சூடேறியது, மூச்சு மேட்டில் ஏறுகிற மாதிரி ஏறியது, பிடரியில் ஒரு துளி புறப்பட்டு முதுகில் இறங்கியது, அதன் பின்னால் இன்னொன்று, அப்புறம் பனியன் நனைந்து தலையணை நனைந்தது. மரத்துக் கிடந்த பாதத்தில் மண் குறுகுறுத்தது. நெஞ்சுவலியோ என்று முதலில் பயந்தார், ஆனால் வலி ஒன்றுமில்லை, உடம்பு பாட்டுக்கு உழைத்துக்கொண்டிருந்தது, அவர் பாட்டுக்குப் படுத்திருந்தார். கொஞ்ச நேரம் கழித்து உலகம்மாள் வந்தாள். அவள் நெற்றியில் ஒரு பொட்டு வேர்வைகூட இல்லை, பூசிய பவுடர் பூசினபடி இருந்தது.

"எனக்கு வேர்க்கல" என்றாள். அவருடைய பனியனைப் பார்த்தாள். "அப்ப உங்களுக்கு வந்து சேந்துட்டு." சொல்லிவிட்டு அடுப்பில் பால் வைக்கப் போனாள்.

பிரமநாயகத்துக்கும் இது பெரிய அதிசயமாகத் தோன்றவில்லை. தாய் டிக்கெட் எடுப்பாள், பிள்ளை பயணம் போகும், மாமன் டிக்கெட் எடுத்துப் பஸ்ஸில் ஏற்றிவிட்டுப் படிக்கட்டில் இறங்கிக்கொள்வான், மருமகன் ஊர் போய்ச் சேருவான், இதையெல்லாம் வாழ்நாள் முழுக்கப் பார்த்தவர் அவர். டிக்கெட் எடுத்தாயிற்றா என்பதுதான் கண்டக்டருடைய கேள்வி, எடுத்தது யார் என்பது இல்லை. அன்றைக்குக் காப்பிக்குச் சீனி போட்டுத்தான் குடித்தார், அதுவும் கொஞ்சம் தூக்கலாக.

அடுத்த முறை ஆஸ்பத்திரிக்குப் போனபோது டாக்டர் ஜெபராணி, "சுகர் நல்லா எறங்கியிருக்கே, நடக்கீங்களா?" என்று கேட்டாள். "நடக்கோம்" என்றார் பிரமநாயகம். உலகம்மாளுக்குப் பொய் தெரியாது, நடந்ததைச் சொன்னாள். டாக்டர் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "எப்படியோ, நிறுத்திராதீங்க" என்று அடுத்த ஆளைக் கூப்பிட்டாள். நாகர்கோவிலில் முழங்கால் மடங்காமல் கிடக்கிற தன் அம்மாவுக்காக அடுத்த வாரமே அவளும் குளத்துக்கரையில் முணுமுணுத்துக்கொண்டு போனதைப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள்.

சேதி தபாலாபீஸ் தெருவைத் தாண்ட வெகுநேரம் ஆகவில்லை. முதலில் வந்தது எதிர்வீட்டு சேசம்மா டீச்சர், பக்கவாதத்தில் படுத்துவிட்ட அண்ணனுக்காக மேட்டடியில் சிலுவை போட்டுக்கொண்டு பேர் சொல்லி நடந்தாள், படுத்திருந்தவனுக்குப் பெருவிரல் அசைந்தது. அப்புறம் ஊரே கிளம்பிவிட்டது. கோயில் பட்டர் இது எங்களில் ஆதியிலிருந்து உள்ளதுதான் என்றார், பாதிரியார் எங்களிலும் உள்ளதுதான் என்றார், பள்ளிவாசல் மோதினார் எல்லாரிலும் உள்ளதுதான், வழியில் நின்று பேசாமல் நடங்கள் என்றார். நகைக்கடைக்காரர் ஒருவர் தனக்குப் பதிலாகக் கடைச் சிப்பந்தியை நடக்க அனுப்பினார், சிப்பந்தி நாளுக்கு நாள் தேக்குக்கட்டை மாதிரி ஆனான், முதலாளிக்கு மூச்சு வாங்கியது. கூலிக்கு நடந்தால் போய்ச் சேராது என்பதை ஊர் அதில் தெரிந்துகொண்டது. மஸ்கட்டில் வேலை பார்க்கிற ஒரு வீட்டு மகன் அங்கே ஜிம்மில் மெஷின்மேல் நடந்தது கடல் தாண்டி வந்து சேர்ந்தது, ஆனால் அவன் ஓய்வு கிடைத்த நேரத்தில் நடந்ததால் இங்கே தகப்பனுக்குப் பந்தியில் இலைக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும்போது வேர்த்துக் கொட்டியது, பக்கத்து இலைக்காரர் விசிறிவிட்டார். தகப்பனுக்காக முறை வைத்து நடந்த இரண்டு அண்ணன் தம்பிகளில் தம்பி தன் முறைக்கு டீக்கடையிலேயே உட்கார்ந்து கரையைப் பார்த்துவிட்டுத் திரும்பினான், அவன் முறையிலெல்லாம் தகப்பனுக்குக் கால் வீங்கி அவன் குட்டு உடைந்தது. பெண் பார்க்கப் போகிறவர்கள் பாடத் தெரியுமா சமைக்கத் தெரியுமா என்பதை விட்டுவிட்டுக் கொஞ்சம் வாசல் வரை நடந்து காட்டச் சொல்லு தாயி என்று கேட்கலானார்கள்.

தனக்காக நடப்பது மானக்கேடு ஆகிவிட்டது. பிள்ளைகளை வைத்துக்கொண்டு தனியாகத் தின்கிறவனைப் பார்க்கிற மாதிரி அப்படி நடக்கிறவனைப் பார்த்தார்கள். ஒண்டிக்கட்டையாக இருந்த ஒரு கிழவர் அந்தப் பார்வைக்குப் பயந்து தன் பசுமாட்டின் பேரைச் சொல்லி நடந்தார், மாட்டுக்குக் கால் முறுக்கேறி அது கட்டுத்தறியை அறுத்துக்கொண்டு ஓடியது. இன்னொன்றும் ஊருக்குத் தெரியவந்தது. முதலில் எந்தப் பேரைச் சொல்லி நடந்தார்களோ அந்தப் பேருக்கே கால் பழகிவிடும், மாற்றிச் சொன்னாலும் பழைய ஆளுக்குத்தான் போகும். மாமனாருக்காக நடந்துகொண்டிருந்த ஒருத்தி பெற்ற தகப்பன் படுத்துவிட்டான் என்று பேரை மாற்றி அழுது அழுது நடந்தாள், மாமனார்தான் இன்னும் கொஞ்சம் சிவந்தார். ஒரு காலுக்கு ஒரு பேர் என்று அதற்கு ஒரு சொலவடையும் உண்டாயிற்று. மேட்டடியில் நின்று காது கொடுத்திருந்தால் ஒன்று கேட்டிருக்கும், அங்கே சொல்லப்பட்ட பேரெல்லாம் புருசன் பேர், மகன் பேர், மாமனார் பேர், மிஞ்சிப்போனால் மாமியார் பேர், அங்கே நடந்துகொண்டிருந்த பொம்பிளைகளின் பேரை ஒருத்தரும் சொல்லவில்லை. யாரும் காது கொடுக்கவில்லை, எல்லாருக்கும் நடக்கிற அவசரம்.

பிரமநாயகத்துக்கு அந்தக் காலைப்பொழுதுகள் ராஜபோகம். கண்ணை மூடிக்கொண்டு படுத்தபடியே உலகம்மாள் எங்கே போகிறாள் என்று சொல்வார், இப்ப கேட்டு சாத்தியிருக்கு நிக்கா, இப்ப மேடு ஏறுதா, இப்ப யாரோ என்னமோ சொல்ல இவ சிரிக்கா, ஏனென்றால் அவருடைய விலா அப்போது குலுங்கும். கூடவே வாழ்ந்த காலமெல்லாம் பகலில் அவள் என்ன செய்கிறாள் என்று ஒரு நாளும் அவர் யோசித்ததில்லை, பஸ்ஸில் இருந்தார், இப்போது அவள் எட்டு வைக்கிறது ஒவ்வொன்றும் அவர் உடம்பில் விழுந்தது. அதை ஒரு பெருமையாகக்கூட நினைத்தார். தொப்பை வற்றியது, பாதத்தில் உணர்ச்சி வந்தது, மாடிப்படியை இரண்டு இரண்டாகத் தாண்டினார், தெருவில் பார்த்தவர்கள் அண்ணாச்சிக்குப் பத்து வயது குறைந்துவிட்டது என்றார்கள்.

ஆனால் போகப்போக நடை நடுவில் நின்றது. கரையில் பாதி தூரத்தில் குளத்து மடை இருக்கிறது, அதன் கைப்பிடிச் சுவரில் உலகம்மாள் உட்கார ஆரம்பித்தாள். அவள் உட்கார்ந்தால் இங்கே இவர் கால் சூடு ஆறிவிடும், வேர்வை பாதியில் நின்று பனியன் சில்லிட்டுப்போகும். அவள் திரும்பி வந்ததும் பிரமநாயகம் முகத்தைச் சுளித்துக்கொண்டு, "என்ன இன்னைக்கும் மடையில உக்காந்துட்ட? பாதி வேர்வையில நின்னு போச்சு. உக்காந்து கதை பேசுததை வீட்டுல வந்து பேசக்கூடாதா?" என்பார். "நாளைக்கு உக்காரல" என்பாள் அவள். இதை அவர் ஒரு நாள் இல்லை, பல நாள் கேட்டார், அவளும் பல நாள் அப்படித்தான் சொன்னாள். பின்னால் அவர் வாழ்நாளில் எத்தனையோ சொல்லை மறந்தார், இந்தச் சொல்லை மட்டும் அவரால் மறக்க முடியவில்லை.

ஒரு நாள் சேசம்மா டீச்சர் படியேறி வந்தாள். உலகம்மாள் அடுக்களையில் இருந்தாள். டீச்சர் உட்காரவில்லை.

"அண்ணாச்சி, அவ மடையில உக்காருதது கதை பேச இல்ல. மூச்சு முட்டி உக்காருதா. கால் ரெண்டும் பூரி மாதிரி வீங்கிருக்கு, சேலையை இறக்கிக் கட்டிக்கிட்டு மறைக்கா. உங்ககிட்டச் சொல்லக்கூடாதுன்னு எங்கிட்டச் சத்தியம் வாங்கினா. நான் சத்தியத்தை மீறிட்டேன், அது எம் பாவம்."

பிரமநாயகத்துக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவள் நடையெல்லாம் அவருக்குத் தெரியுமே, மூச்சு வாங்கினால் அவருக்கல்லவா தெரிந்திருக்க வேண்டும். அப்புறம்தான் விளங்கியது. பயணம் போய்ச் சேர்ந்தது அவர், டயர் தேய்ந்தது அவள். உடம்புக்கு நல்லதெல்லாம் இங்கே வந்தது, வலி ஒரு பொட்டுகூட வரவில்லை, அது அவளோடயே இருந்துகொண்டது. அவர் அடுக்களைக்குப் போய் அவள் சேலைக் கரையைத் தூக்கிப் பார்த்தார், அவள், "விடுங்க, டீச்சர் இருக்காக" என்று காலை இழுத்துக்கொண்டாள்.

ஆஸ்பத்திரியில் அவளுக்குச் சர்க்கரை இவரைவிட அதிகம் என்று தெரிந்தது, அதுவும் பல வருசமாக இருந்திருக்க வேண்டும் என்று தெரிந்தது, நெஞ்சு தளர்ந்துபோயிருந்தது. அவள் ஒவ்வொரு தடவையும் பிரமநாயகத்தைக் கூட்டிக்கொண்டு வந்து பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டுப் போனவள், அவள் கையை யாரும் பிடித்துப் பார்க்கவில்லை. டாக்டர் ஜெபராணி தாளைப் பார்த்துக்கொண்டே, "இவங்கதான் முதல்ல நடந்திருக்கணும்" என்றாள்.

"அவ நடந்தாளே டாக்டரம்மா. மழைக்கும் நிக்காம நடந்தாளே."

"யாருக்கு நடந்தாங்க?" என்று கேட்டாள் டாக்டர். கேட்டுவிட்டு அவளே தலையைக் குனிந்துகொண்டாள், அவளுடைய நடையும் நாகர்கோவிலுக்கல்லவா போய்க்கொண்டிருந்தது.

மறுநாள் விடிந்ததும் பிரமநாயகம் அவளை ஆட்டோவில் ஏற்றி மேட்டடிக்குக் கூட்டிக்கொண்டு போனார். கொஞ்ச தூரம் மெதுவாக நடக்கலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தாள். "ஏளா, உன் பேரைச் சொல்லிட்டு நட" என்றார். அவள் ரொம்ப நேரம் நின்றாள். மேட்டடியில் போகிறவர்கள் எல்லாம் ஒதுங்கிப் போனார்கள். "எம் பேரை நானே சொல்லுததுக்கு ஒரு மாதிரி வெக்கமா இருக்கு" என்றாள். புருசன் பேரைச் சொல்லக் கூசியதைவிடக் கூடுதலாக அவளுக்கு அது கூசியது. கடைசியில் சொல்லிவிட்டாள், உலகம்மாள் என்று, யாரோ மூன்றாம் மனுசியைச் சொல்வதுபோல். சொல்லிவிட்டு அவர் தோளைப் பிடித்துக்கொண்டு இரண்டு எட்டு வைத்தாள், நாலு எட்டு வைத்தாள். பக்கத்தில் சும்மா நின்ற பிரமநாயகத்துக்குப் பிடரியில் ஒரு துளி வேர்வை புறப்பட்டு முதுகில் இறங்கியது. அவர் அவளைப் பார்த்தார், அவளும் அவர் கழுத்தைப் பார்த்துவிட்டாள். "வாங்க போவோம்" என்றாள்.

இனி அவளுக்காக யார் நடப்பது? கோயம்புத்தூரில் இருக்கிற மகள் பகவதி போனில் அழுதாள், அவள் கால் மாமியார் பேருக்குப் பழகியாயிற்று. அழுதுகொண்டே நடந்தும் பார்த்தாள், அங்கே மாமியாருக்குத்தான் பசி எடுத்தது. சேசம்மா டீச்சர் மூன்று வெள்ளிக்கிழமை உலகம்மாள் பேரைச் சொல்லி நடந்தாள், அண்ணன் கட்டிலில் எழுந்து உட்கார்ந்தான், டீச்சர் அதற்குச் சந்தோசப்படுவதா அழுவதா என்று தெரியாமல் வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டாள். ஊரில் இத்தனை கால் இருக்கிறது, ஒரு காலும் சும்மா இல்லை. பேர் சொல்லாத கால் ஊரிலேயே ஒன்றே ஒன்றுதான் மிச்சம் இருந்தது, அது பிரமநாயகத்தின் கால். ஊருக்கு அது ஞாபகம் வந்ததும் எல்லாருக்கும் உயிர் வந்தது, அண்ணாச்சி, நீங்க நடங்க, உங்க காலு கன்னிக்காலு என்றார்கள்.

பிரமநாயகம் நடந்தார். மேட்டடியில் மண்ணைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, ஊருக்கே கேட்கிற மாதிரி, பஸ்ஸில் ஊர்ப்பேர் சொன்ன குரலில், உலகம்மாள் என்று சொல்லிவிட்டு நடந்தார். கால் அப்படிப் போனது, அவள் ஊட்டி வளர்த்த கால், மேடு தெரியவில்லை, மடை தெரியவில்லை, குளத்தின் மறுகரை வரை போய்த் திரும்பினார். திரும்பும்போது சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. அதைத் தொட்டுப் பார்த்தவுடனே தெரிந்துவிட்டது, இருந்தாலும் ஓட்டமும் நடையுமாக வீட்டுக்கு வந்து அவள் நெற்றியைத் தடவினார். காய்ந்திருந்தது.

செருப்பில்லாமல் நடங்க என்றார்கள், நடந்தார். வலமாய்ப் போகாமல் இடமாய்ப் போங்க என்றார்கள், போனார். பட்டினி கிடந்து நடந்தார், ஈரத்துணியோடு நடந்தார், திருச்செந்தூருக்கே நடந்து போய்க் கடலில் முழுகிவிட்டு வந்தார். எல்லாம் அவருக்கே சேர்ந்தது. அவர் அவளுக்காக எவ்வளவு நடந்தாரோ அவ்வளவுக்கு அவர் நெஞ்சு அகன்றது, தோல் மினுங்கியது, கல்லைத் தின்றாலும் கரைந்தது, ராத்திரி படுத்தால் அவர் விரும்பாத தூக்கம் வந்து அமுக்கியது. ஒரு தடவை டாக்டர் அவரையும் சோதித்துவிட்டு, "இருபது வயசுப் பையனுக்கு இருக்கிற நெஞ்சு" என்றாள். அவர் அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்து சின்னப்பிள்ளை மாதிரி விம்மி விம்மி அழுதார். ஏன் போய்ச் சேரவில்லை என்பதற்கு ஊர் பல நாள் பேசியது, அந்தக் காலே அவளுடையதுதானே, கிணற்றில் மொண்ட தண்ணீரை அதே கிணற்றில் ஊற்றினால் கிணறு ஏறுமா என்றார்கள் சிலர், வாங்கிப் பழகின உடம்புக்குக் கொடுக்கத் தெரியாது என்றார்கள் சிலர். சொல்லிவிட்டு அவரவருக்கு வேண்டியவர் பேரைச் சொல்லிக்கொண்டு மேட்டில் ஏறினார்கள், அவர்களும் வேறு என்ன செய்ய முடியும்.

உலகம்மாள் கட்டிலோடு ஆனாள். முன்பு அவர் கிடந்த அதே கட்டில்தான், ஜன்னலோரம். அவர் காலையில் அவளைத் துடைத்து, கஞ்சி கொடுத்து, குனிந்து அவள் காதில், "போயிட்டு வாரேன்" என்று சொல்லிவிட்டு நடக்கப் போவார், வந்து நெற்றியைத் தொட்டுப் பார்ப்பார், திரும்பிக்கொள்வார். அப்படித் திரும்பிக்கொள்ளும்போது அவர் முகம் போகிற போக்கை அவள் தினமும் படுத்தபடி பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்புறம் ஒரு நாள் அவர் வந்தபோது அவள் நெற்றியெல்லாம் முத்து முத்தாக நனைந்திருந்தது. கழுத்து நனைந்திருந்தது, காதோரத்து நரைமயிர் கன்னத்தில் ஒட்டியிருந்தது. "வந்துட்டுங்க" என்றாள். பிரமநாயகம் வாசலுக்கு ஓடிப்போய் எதிர்வீட்டைப் பார்த்து, "டீச்சர், வந்துட்டாம், வந்துட்டாம்" என்று கத்தினார். அன்றைக்குத் தபாலாபீஸ் தெருவில் வீட்டுக்கு வீடு சீனி கொடுத்தார். தினமும் வந்தது. கெண்டைக்கால் லேசாகத் துடிக்கு என்றாள், பசிக்கு என்று சொல்லி ஒரு வாய் கூட வாங்கினாள். கரையில் பார்த்தவர்களெல்லாம், என்ன அண்ணாச்சி, போய்ச் சேருதாமே என்று கேட்டார்கள், அவரும் சேருது சேருது என்று சொல்லிக்கொண்டே போனார். வீக்கம் மட்டும் வடியவில்லை, அது மெல்லத்தான் வடியும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

ஒரு காலையில் ரயில்வே கேட்டில் ஒரு கூட்ஸ் வண்டி வந்து நின்றது. எஞ்சின் கோளாறு என்றார்கள், முனையும் தெரியாமல் வாலும் தெரியாமல் பாதையை மறித்துக்கொண்டு நின்றது, எப்போது எடுப்பார்கள் என்று கேட்டுக்காரருக்கே தெரியவில்லை. பிரமநாயகம் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, வெயில் தாழ்ந்ததும் நடந்துகொள்ளலாம் என்று திரும்பிவிட்டார். வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது ஜன்னல் வழியாக உள்ளே தெரிந்தது. உலகம்மாள் ஒருக்களித்துப் படுத்து, கையை எட்டி, ஸ்டூலில் இருந்த சொம்பில் துண்டின் முனையை முக்கிக்கொண்டிருந்தாள். அதைத் தூக்குவதற்கே அவளுக்கு இரண்டு தடவை ஆனது. நெற்றியில் ஒற்றினாள், கழுத்தில் ஒற்றினாள், கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டு, காதோரத்து மயிரை நனைத்துக் கன்னத்தோடு ஒட்டிவிட்டாள், துண்டைப் போர்வைக்கு அடியில் ஒளித்தாள். அப்புறம் கையைக் கட்டிக்கொண்டு வாசலைப் பார்த்துப் படுத்தாள்.

பிரமநாயகம் சத்தமில்லாமல் செருப்பைப் போட்டுக்கொண்டு தெருவில் இறங்கினார். தபாலாபீஸ் வரை போனார், சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். போகிறவர்கள் என்ன அண்ணாச்சி என்றதற்கு ஒன்றுமில்லை என்றார். எப்போதும் வருகிற நேரம் ஆகட்டும் என்று அங்கேயே நின்றார், அந்த நல்ல காலும் அந்த நல்ல நெஞ்சும் அவரை எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் நிற்க வைத்துக்கொண்டிருந்தது. நேரம் ஆனதும் வந்து வாசலில் இருமிவிட்டு உள்ளே போனார்.

"வந்துட்டீங்களா" என்றாள் உலகம்மாள். முகமெல்லாம் சிரிப்பு. "இன்னைக்கு மேட்டுல வேகமா ஏறிட்டீங்க போல. எனக்கு இங்கன நெஞ்சு திக்கு திக்குன்னு அடிச்சுட்டு. மடையில ஒரு நிமிசம் நின்னீங்கல்லா? அப்பத்தான் கொஞ்சம் ஆறுச்சு."

"ஆமா" என்றார் பிரமநாயகம். "மடையில நின்னேன்."

"உக்காந்து எந்திரிச்சு வரவேண்டியதுதானே. நான் என்ன சண்டையா பிடிக்கப் போறேன்."

அவர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, உள்ளங்கையால் அவள் நெற்றியைத் துடைத்தார். தண்ணீர் சில்லென்று இருந்தது.

"நாளைக்கு உக்காருதேன்" என்றார்.